டெஸ்ட் பேஜ் அண்ணன் வீட்டில் வராத தாள்

பிரின்டரைச் சரிசெய்து கொடுத்த வீட்டில் டீ கொடுத்தால் குடிப்பார். காசு கொடுத்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ரொம்ப வற்புறுத்தினால், "சரி, அந்த டெஸ்ட் பேஜைக் குடுங்க, அது போதும்" என்பார். பிரின்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் அடிக்கிற தாள் அது. நாலு கோடு, ஒரு வட்டம், மேலே பிரின்டரின் பெயர். வேறு எதுவும் இருக்காது. அதை மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்படித்தான் எங்கள் எல்லோருக்கும் அவர் டெஸ்ட் பேஜ் அண்ணன் ஆனார்.

அந்தத் தாள்கள் அவர் வீட்டு அலமாரியில் இரண்டு தடித்த ஃபைல்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலால் தேதி போட்டுக் குறிப்பு எழுதியிருப்பார். "நர்ஸ் வீடு. டிரைவர் பழையது. மாற்றினேன். சரி." "டாக்ஸிக்காரர் வீடு. டிரைவர் சரி. கேபிள் கழன்றிருந்தது. அதைப் பார்க்க எனக்கு ஒன்றரை மணி நேரம். வெட்கம்." "புதுசாக் கல்யாணம் ஆனவர்கள். பிரின்டரில் கோளாறு இல்லை. தாள் வைக்கவில்லை. இரண்டு பேரும் அடுத்தவர் வைத்திருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள்."

அவருக்கு இது தொழில் இல்லை. தொழில், ஆஸ்பத்திரித் தரைக்குக் கீழே இருக்கும் சலவைக் கூடத்தில். நானும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறேன், மொழிபெயர்ப்பாளராக. மேல் மாடிகளில் டாக்டர் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை டாக்டருக்கும் சொல்லும் வேலை. ஆள் உயர மெஷின்களின் வாயிலிருந்து ஈரப் போர்வைகளை இழுத்துத் தள்ளுவண்டியில் போடுவது அவர் வேலை. காலை ஐந்து மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை. நனைந்த போர்வைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வரும். ஒன்றை இழுத்தால் ஒன்பது கூடவே வரும். பத்தொன்பது வருஷம் இழுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி அலுவலகங்களில் கணினி மாற்றும்போதெல்லாம் பழையவை சலவைக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் வந்து குவியும். குப்பை வண்டி வருவதற்குள் இரண்டை எடுத்துக்கொள்ளட்டுமா என்று காவலாளியிடம் கேட்டிருக்கிறார். ஒருமுறை கேட்டவர் பிறகு நிறுத்தவில்லை. அவற்றில் லினக்ஸ் போடுவார். விலை கொடுத்து வாங்க வேண்டாத அமைப்பு அது. கிழட்டுக் கணினியும் அதை வைத்துக்கொண்டு எழுந்து நடக்கும். புதிதாக இந்த ஊருக்கு வந்து இறங்கும் குடும்பங்களுக்கு அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பார். எனக்கும் ஒன்று வந்தது. அப்போது என்னிடம் இருந்தவை இரண்டு பெட்டியும், நாலு தடவை நகல் எடுத்த பாஸ்போர்ட்டும்தான்.

கணினி எல்லோருக்கும் ஓடியது. பிரின்டர்தான் எல்லோரையும் படுத்தியது. காரணத்தை ஒருநாள் எனக்கு விளக்கினார்.

"டிரைவர்னா வண்டி ஓட்டுறவர் இல்லம்மா. கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லும், பிரின்டருக்கு அது புரியாது. நடுவுல ஒருத்தர் நின்னு ரெண்டு பக்கமும் பேசணும். அதான் டிரைவர். உன் வேலைதான்."

"எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க அண்ணா."

"அதுக்கு அதுவும் இல்ல. ரெண்டு பேருக்குள்ள தகராறுன்னா மட்டும் திட்டு நடுவுல நிக்கிறவனுக்கு."

அவர் வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. எதையும் தொடும் முன் எல்லாவற்றையும் நகலெடுத்துவிடுவார். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்வார். செய்ததும் ஒரு டெஸ்ட் பேஜ். அது வந்தாலும் வராவிட்டாலும் எழுதி வைப்பார். பிறகுதான் அடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். "இதையும் அதையும் சேத்து மாத்திப் பாத்தா என்ன?" என்று யாராவது கேட்டால், "சேத்து மாத்துறவன் எதனால சரியாச்சுன்னு தெரியாமலே செத்துப் போவான்" என்பார்.

இந்த முறை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் சொல்ல முடியாது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். இவர் வந்து இரண்டு வருஷம் கழித்து அவனை வரவழைத்து, தொழில் படிக்க வைத்து, பெண் பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தார். அப்படியே தனக்கும் பார்த்திருக்கலாம். கேட்டால், "ஒரு வேலை முடிஞ்சாத்தான் அடுத்தது. அதுக்குள்ள வயசாயிருச்சு" என்பார். இருவரும் ஒரே கட்டடத்தில்தான் குடியிருந்தார்கள். இவர் மூன்றாம் மாடி, தம்பி குடும்பம் ஐந்தாம் மாடி. ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவு ஒரே மாடல் பிரின்டர்களை நாலைந்து வெளியே போட்டபோது, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு ஒன்றைத் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைத்தார். மேசையில் கேபிள் தொங்குவது தம்பி மனைவிக்குப் பிடிக்காது என்பதால் அதை வைஃபையில் இணைத்துக் கொடுத்தார். தன்னுடையதைக் கேபிளில்தான் வைத்துக்கொண்டார். காற்றில் போகிற எதையும் நம்ப மாட்டார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் தம்பியின் லேப்டாப் ஊர ஆரம்பித்தது. குடு, லினக்ஸ் போட்டுத் தர்றேன் என்று வாங்கினார். அரை மணி நேர வேலை. பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டார். துடைத்ததில் தம்பி மகளின் படங்கள் இருந்தன. பிறந்த நாளிலிருந்து மூன்று வயது வரைக்கும். வேறு எங்கும் நகல் இல்லை. தம்பிதான் எடுத்து வைத்திருப்பான் என்று இவரும், அண்ணன் எப்படியும் எடுத்து வைப்பார் என்று தம்பியும் நினைத்திருந்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களின் தாள் கதைதான். ஆனால் இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

தம்பி மனைவி ஒரு வார்த்தை பேசவில்லையாம். தம்பி பேசியிருக்கிறான். இவரும் பதிலுக்குப் பேசியிருக்கிறார். "படம்தானே" என்று ஒரு சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டதாம். அதோடு பேச்சு நின்றது. வைஃபை மட்டும் நிற்கவில்லை. அதன் பெட்டி தம்பி வீட்டில்தான் இருந்தது. பேச்சு இருந்த காலத்திலிருந்தே இருவரும் அதையேதான் பயன்படுத்தினார்கள். தம்பி நினைத்தால் ஒரு நிமிஷத்தில் பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. இவரும் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளவில்லை. அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் நகல் எடுப்பதும் தாளின் பின்பக்கம் எழுதுவதும் தொடங்கின. முதல் ஃபைலின் முதல் தாளில் தேதி இருக்கிறது.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு காலையில், எலும்பு டாக்டரின் அறைக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால், சட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் அகலமான பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தவர் டெஸ்ட் பேஜ் அண்ணன். என்னைப் பார்த்ததும் சட்டையைத் தேடினார். அந்த அறையில் கேட்டதை நான் வெளியே சொல்லக் கூடாது. இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டபோது, "எழுது. டிரைவர் விஷயத்தை மட்டும் தப்பா எழுதிராதே" என்றார்.

டாக்டர் சொன்னது சுருக்கமாக இருந்தது. இன்னும் ஒரு வருஷம் ஈரத் துணி இழுத்தால், அதற்குப் பிறகு எதையுமே இழுக்க முடியாது. வேறு வேலைக்கு மாறியே ஆக வேண்டும்.

சலவைக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. காய்ந்த துணியை வார்டுகளுக்கு எண்ணிக் கொடுக்கும் கவுன்டர். அங்கே இருந்தவர் ஓய்வு பெற்றிருந்தார். விண்ணப்பிக்கச் செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணி கடைசி. டாக்டர் சீட்டோடு, தன் நிலையை விளக்கி ஒரு கடிதம். தாளில் அச்சடித்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, நேரில் கொடுக்க வேண்டும். அது தவறினால் அடுத்த கவுன்டர் எந்தக் காலத்தில் காலியாகுமோ. முதுகு விட்டால் வேலை போகும். வேலை போனால் இங்கே இருக்கும் அனுமதி போகும். அப்புறம் ஐம்பத்தோரு வயதில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்தக் கணக்கை எங்களைப் போன்றவர்கள் காகிதமில்லாமலே போடுவோம்.

மூன்று வாரம் "நாளைக்கு எழுதுவோம்" என்றார். திங்கட்கிழமை போன் செய்து, "நாளைக்கு வர முடியுமாம்மா, அந்த லெட்டரை எழுதிருவோம்" என்றபோது இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்தது.

செவ்வாய் ஒன்றே முக்காலுக்கு அவர் வீட்டில் இருந்தேன். ஒரே அறை. கட்டில், மேசை, அலமாரி, கேபிள்களைச் சுற்றி வைத்த ஒரு வாளி. அவர் சொல்லச் சொல்ல நான் அலுவலக மொழியில் தட்டினேன். எத்தனை வருஷம், எவ்வளவு எடை, எங்கே வலி. கடிதத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று அலுவலகம் கொடுத்திருந்த குறிப்பில் ஒரு கேள்வி இருந்தது.

"இந்த நாட்டுல உறவினர் யாராவது இருக்காங்களான்னு கேக்கிறாங்க அண்ணா. உடம்பு முடியாதப்ப உதவிக்கு வர்றவங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "இல்லன்னு எழுது."

தம்பி மேலே இருப்பது எனக்குத் தெரியும். என் வேலையில், சொன்னதைத்தான் எழுத வேண்டும். எழுதினேன்: இந்த நாட்டில் எனக்கு உறவினர் எவரும் இல்லை.

இரண்டு மணிக்குப் பிரின்ட் கொடுத்தோம். அவர் கணினியைத் தமிழில் வைத்திருப்பார். திரையின் ஓரத்தில் 'அச்சிட்டாயிற்று' என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. மேசைமேல் இருந்த பிரின்டர் அசையவில்லை.

"ஞாயித்துக்கிழமை லினக்ஸ் புது வெர்ஷன் போட்டேன்," என்றார் அமைதியாக. "டிரைவர் விட்டுப்போயிருக்கும். அஞ்சு நிமிஷம்."

பிரின்டர் பட்டியலைத் திறந்தார். ஒரே ஒரு பெயர் இருந்தது. அவருடைய மாடலின் பெயர், எண்ணோடு, ஒரு எழுத்துப் பிசகாமல். பக்கத்தில் பச்சை அடையாளம்.

"பாத்தியா, பேரு வந்திருக்கு. பேரு வந்தா கேபிள் சரி. டிரைவர்தான் தகராறு."

வேறொரு டிரைவரைத் தேர்ந்தெடுத்தார். அவர் கை வழக்கம்போல டெஸ்ட் பேஜ் பொத்தானுக்குப் போனது. நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டெஸ்ட் பேஜுக்கெல்லாம் நேரமில்ல. லெட்டரையே போட்டுப் பாத்துருவோம்."

கடிதம் போனது. 'அச்சிட்டாயிற்று.' தாள் வரவில்லை.

மூன்றாவது டிரைவர். நாலாவது. பிரின்டரை அணைத்துப் போட்டார். டிரைவரையும் தாள் அளவையும் சேர்த்து மாற்றினார். ஒரு பழக்கமும் மிச்சமில்லாமல் உடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் கணினி, வேலையை முடித்துவிட்டேன் என்று பணிவாகச் சொன்னது. முடியாது என்று சொன்னாலாவது சண்டை போடலாம்.

"பின்பக்கம் எழுதி வைக்கலையா அண்ணா?"

"எழுத ஒரு பக்கமாவது வரணுமே."

இரண்டே முக்காலுக்கு, வெளியே போய் எடுக்கலாம் என்றேன். செவ்வாய்க்கிழமை நூலகம் கிடையாது. ஆஸ்பத்திரிக் கணினியில் சொந்தக் காகிதம் அடிக்க எனக்கு அனுமதி கிடையாது. அதுவுமில்லாமல் சலவைக் கூடத்து ஆட்கள் யார் கண்ணிலும் இது படக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

"டாக்ஸிக்காரர் வீடு பக்கம்தானே? அங்க போய் அடிச்சிட்டு வந்துரலாம்."

"எங்க, நான் சரி பண்ணிக் குடுத்த பிரின்டர்லயா? நான் போய் நின்னு, எங்க வீட்டுல பிரின்ட் வரலன்னு சொல்றதா?"

"வரலதானே?"

"வரல. அது நமக்குள்ள இருக்கட்டும்."

அதையும் சொல்லிவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். நிமிர அவருக்கு நாலைந்து மூச்சு பிடித்தது. நான் திரையைப் பார்ப்பதுபோல் இருந்தேன். "சரி வா, டாக்ஸிக்காரர் வீட்டுக்கே போவோம்," என்றார். அங்கே போக இருபது நிமிஷம், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அரை மணி. பஸ் உடனே வந்தால். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

செருப்பை மாட்டும்போது கதவைத் தட்டினார்கள்.

திறந்தேன். வெளியே தம்பி நின்றுகொண்டிருந்தான். அன்று அவனுக்கு விடுமுறை போலிருக்கிறது. வீட்டுச் சட்டையில் இருந்தான். கையில் தாள் கட்டு. வாசலைத் தாண்டி ஒரு விரல்கூட உள்ளே வைக்காமல், எனக்குப் பின்னால் நின்ற அண்ணனைப் பார்க்காமல், என்னைப் பார்த்துப் பேசினான்.

"அவர்கிட்ட சொல்லுங்க, எங்க வீட்டுல பேப்பர் தீந்துபோச்சுன்னு."

நான் திரும்பினேன். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"பேப்பர் தீந்துபோச்சாம் அண்ணா."

"எந்தப் பேப்பர்னு கேளு."

தம்பி கட்டை நீட்டினான். "பதினோரு தாள். ரெண்டு மணியிலேர்ந்து வந்துக்கிட்டே இருக்கு. முதல் தாள் ஒழுங்கா வந்துச்சு. அப்புறம் ஆறு தாள் பூச்சி பூச்சியா. பிரின்டருக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைச்சேன். அப்புறம் மறுபடி ஒழுங்கா."

டெஸ்ட் பேஜ் அண்ணன் திரையைப் பார்த்தார். பட்டியலில் இருந்த அந்த ஒற்றைப் பெயரைப் பார்த்தார். மேசைமேல் இருந்த தன் பிரின்டரைப் பார்த்தார்.

"வைஃபை," என்றார் யாரிடமும் இல்லாமல். "புது வெர்ஷன் அதுவாவே, டிரைவர்கூட இல்லாம, தேடிப் பிடிச்சிருக்கு. இது என்னோடது இல்ல. அவனோடது."

ஒரே மாடல், ஒரே பெயர். அவருடைய கேபிள் பிரின்டர் பட்டியலில் ஏறவே இல்லை. முதல் தடவை கொடுத்ததுமே கடிதம் ஒழுங்காக அச்சாகியிருந்தது, இரண்டு மாடி தள்ளி. கணினி ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. எல்லோர் வீட்டிலும் முதலில் டெஸ்ட் பேஜ் போடுகிறவர் இங்கேயும் அதையே போட்டிருந்தால், மேலே போயிருப்பது நாலு கோடும் ஒரு வட்டமும். தம்பி அதைக் கசக்கிக் குப்பையில் போட்டிருப்பான்.

"நல்ல தாளா ஒண்ணை வாங்கிக்கம்மா," என்றார் என்னிடம். "கையெழுத்துப் போட்டுக் கிளம்புவோம்."

தம்பி கையை இழுத்துக்கொண்டான். "இதுல ஒரு வரி தப்பா இருக்குன்னு சொல்லுங்க."

எந்த வரி என்று நான் கேட்கவில்லை. "எழுதினது நான்தான்," என்றேன்.

"எழுதினது நீங்க. சொன்னது யாரு?"

அண்ணன் மறுபடி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"பூச்சி பூச்சியா வந்துச்சே, அந்தத் தாள்லகூட இந்த வரி மட்டும் நல்லாத் தெரியுது," என்றான் தம்பி. "பொய்யா எழுதிக் குடுத்து, அவங்க கண்டுபிடிச்சா, கவுன்டரும் கிடையாது ஒண்ணும் கிடையாது. அவருக்குத் தெரியாதா இது?"

"நாலு வருஷமா எவனும் இல்லாமத்தானே இருக்கேன்னு சொல்லு," என்றார் அண்ணன்.

நான் சொல்லவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை.

தம்பி முதல்முறையாக என் தோளுக்கு மேலே பார்த்தான். "முதுகு எப்போலேர்ந்து?"

"ஒன்றரை வருஷம் இருக்கும்."

"ஒன்றரை வருஷமா மூணு மாடியும் படியில ஏறிப் போறியே. நான் பாத்திருக்கேன். உடம்பைக் கட்டுக்கோப்பா வச்சிருக்கான்னு நினைச்சேன். நான் பாத்துக்கிற லிஃப்ட், இந்தக் கட்டடத்துல ஒரு நாள் நின்னதில்ல. ஏன் அதுல ஏறல?"

"அதுல நீ வருவே."

தம்பி கையிலிருந்த தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினான். அடுக்கியதையே மறுபடி தட்டினான்.

"அந்தப் படம்..." என்று ஆரம்பித்தார் அண்ணன்.

"அதை இப்போ எடுக்காதே. மணி மூணே கால்." என்னைப் பார்த்தான். "அந்த வரியை மாத்துங்க. அண்ணன் ஒழுங்காச் சொல்லுவான்."

நான் உட்கார்ந்தேன். அண்ணன் எனக்குப் பின்னால் நின்று, பல்லைப் பிடுங்கக் கொடுப்பவரைப் போலச் சொன்னார். தட்டினேன்: இதே கட்டடத்தில், ஐந்தாம் மாடியில், என் தம்பி குடும்பத்தோடு வசிக்கிறார்.

"போன் நம்பரும் போடணும்," என்றான் தம்பி.

அண்ணன் அதை எங்கும் பார்க்காமலே சொன்னார். ஒரு எண்கூடத் தடுமாறவில்லை.

"பிரின்ட் குடுக்கட்டுமா?" என்றேன். "எதுல?"

இருவரும் என்னை, இது ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தார்கள். பட்டியலில் இருந்தது ஒரே பெயர்தான். அழுத்தினேன். 'அச்சிட்டாயிற்று.'

"பேப்பர் தீந்துபோச்சுன்னு சொன்னியே," என்றார் அண்ணன்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வா."

லிஃப்டில் மூன்று பேரும் ஏறினோம். அண்ணன் கதவு மூடுவதையும், கிளம்புவதையும், நிற்பதையும் ஒரு பரீட்சை அதிகாரிபோல் கவனித்தார். "கிளம்பும்போது லேசா உதறுது," என்றார். "டிரைவர் பழசு," என்றான் தம்பி. இருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்கச் சிரமப்பட்டார்கள் என்று எனக்குப் பட்டது.

ஐந்தாம் மாடியில் கதவு திறந்தே இருந்தது. தம்பி மனைவி நடுக்கூடத்தில் நின்றிருந்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்குள் வருகிற மூத்தவரைப் பார்த்து, "வாங்க," என்றாள். அவ்வளவுதான். நேற்றும் வந்துபோனவரிடம் சொல்வதுபோல் இருந்தது. அவர் வாசல் மிதியடியில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார்.

மேசைமேல் தாள் இருந்தது. மகள் வரைந்த பூனைப் படத்துக்கும் பென்சில் சீவிய துருவலுக்கும் நடுவில் பிரின்டர். அண்ணன் கடிதத்தை எடுக்கும் முன் பிரின்டரின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப்பார்த்தார்.

"இதை நாலு வருஷமாத் துடைக்கவே இல்லையா?"

"ஆள் வரல," என்றாள் தம்பி மனைவி.

அவர் மூடியை மூடினார். பேனாவை வாங்கி, அந்தப் பிரின்டர்மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கீழே குனிய வேண்டியிருக்கவில்லை. உயரம் சரியாக இருந்தது.

தம்பி காரை எடுத்தான். வழியில் மூன்று சிவப்பு விளக்கு. மூன்றிலும் நான் மணியைப் பார்த்தேன். பின்சீட்டில் டெஸ்ட் பேஜ் அண்ணன், கடிதத்தை மடியில் வைத்து, கசங்காமல் இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டிருந்தார். "வேகமாப் போடா" என்று ஒரு தடவை மட்டும் சொன்னார். அலுவலகத்துப் பெண் முத்திரை குத்தியபோது மூன்று ஐம்பத்தொன்று. உறவினர் என்ற இடத்தில் விரலை வைத்து, "இவர்தானா?" என்று பக்கத்தில் நின்றவனைக் காட்டிக் கேட்டாள். அவள் மொழியில் அண்ணன் பதில் சொல்வது அபூர்வம். என்னை எதிர்பார்க்காமல் அவரே சொன்னார்: "ஆமா. இவன்தான்."

ஆறு வாரம் கழித்து அவருக்குக் கவுன்டர் கிடைத்தது. இப்போது உயரமான நாற்காலியில் உட்கார்ந்து போர்வைகளை எண்ணிக் கொடுக்கிறார். வார்டு ஆட்கள் அவசரப்படுத்தினால், ஒரு தடவைக்கு ஒரு கட்டுதான் என்கிறார். முதுகு முழுக்கச் சரியாகவில்லை. இதற்கு மேல் கெடவும் இல்லை. மதியம் வீடு திரும்பும்போது லிஃப்டில் ஏறுகிறார்.

படங்களைப் பற்றி அவர்கள் பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. தம்பி மகளுக்கு ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி இறங்கி வந்து, வாளியிலிருக்கும் கேபிள்களை எடுத்து முடிச்சுப் போட்டு வைக்கிறாள். அவர் அவற்றை முழு வாரமும் அவிழ்க்கிறார்.

அவருடைய சொந்தப் பிரின்டரும் ஓடுகிறது. டிரைவரோடு சேர்ந்து ஒரு துணைக் கோப்பு வேண்டுமாம். புது வெர்ஷன் போட்டபோது பழைய கோப்பு அதற்குப் பொருந்தாமல் போயிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். முதலில் டெஸ்ட் பேஜ் அடித்தார். அது வந்தது. ஆனால் ஃபைலில் அதைச் சேர்க்கவில்லை. பூச்சி பூச்சியாக வந்த தாள்களில் ஒன்றைத்தான் சேர்த்திருக்கிறார். பின்பக்கத்தில் பென்சிலால் இப்படி இருக்கிறது:

"என் வீடு. கேபிள் சரி. பிரின்டர் சரி. போன இடம் வேறு. டெஸ்ட் பேஜ் போடவில்லை."

கணினியின் பட்டியலில் இப்போது இரண்டு பெயர்கள் இருக்கின்றன, எழுத்துப் பிசகாமல் ஒரே பெயர், இரண்டு தடவை. குழப்பம் வராதா, ஒன்றை எடுத்துவிடலாமே என்று கேட்டேன். மேலே இருக்கும் பெயர்மேல், தம்பி வீட்டுப் பிரின்டர்மேல், அம்பை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்மா," என்றார். "அதுக்கு டிரைவரே தேவைப்படல."